கதவைச் சாத்திவிட்டுக் கேட்டவர்

மூத்தவள் பிறந்து ஐம்பது நாள் இருக்கும். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. என் வீட்டுக்காரருக்கு அதே தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அன்று காலை அவர் போன பிறகு, பிள்ளையைப் பக்கத்தில் பாயில் கிடத்திவிட்டுக் கறிக்கு லீக்ஸ் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளை கையை ஆட்டியது. இந்தக் கத்தி அதன் கழுத்தில் பட்டால் என்று ஒரு நினைப்பு. பட்டால் என்றுகூட இல்லை. நான் வைத்தால் என்று.

கத்தியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். பிள்ளை வீறிட்டு அழுதும் கிட்டே போகவில்லை.

மறுநாள் குளிப்பாட்டும்போது வெந்நீரைப் பார்த்து அதே நினைப்பு. அதற்கடுத்த நாள் அம்மிக்கல். எனக்குள் இன்னொருத்தி இருக்கிறாள், நான் கொஞ்சம் அசந்தால் அவள் செய்துவிடுவாள் என்று நம்பினேன். கத்தியைச் சாக்கில் சுற்றி விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். எங்களோடு இருந்த நாத்தனாரிடம், "கை வலிக்குதுக்கா, புள்ளய நீங்க வச்சிருங்க" என்றேன். இருபது நாள் அந்தக் கைவலியைச் சொல்லியே ஓட்டினேன்.

"பெத்த புள்ளயத் தொடாம எவ இருப்பா? ஒன்னய ஏதோ அண்டியிருக்கு" என்று நாத்தனார் பூசாரியிடம் கூட்டிப்போனார். அவர் வேப்பிலையால் அடித்து, "யாரு நீ, சொல்லு" என்று கேட்டார். எனக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்று நான் பயந்துகொண்டிருந்ததையே அவரும் கேட்டால் நான் எங்கே போவேன்?

பிறகு டவுனில் ஒரு டாக்டர். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் போதாது. வீட்டுக்காரர்தான் இரண்டு பக்கமும் பேசினார். "என்ன செய்யுதுன்னு கேக்குறாரு." நம் பிள்ளையை நான் கொன்றுவிடுவேனோ என்று அவர் வாயாலேயே எப்படிச் சொல்லவைப்பேன்? "தூக்கமில்லன்னு சொல்லுங்க" என்றேன். தூக்க மாத்திரை கிடைத்தது. பகலெல்லாம் மயக்கம். நான் தூங்கிவிட்டால் என்னை யார் காவல் காப்பது என்று பயம் கூடியதுதான் மிச்சம்.

அடுத்து இன்னொரு ஊரில், தமிழ் பேசுகிற டாக்டர். அவரிடம் பாதி சொன்னேன். மீதியைச் சொல்வதற்குள் அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வீட்டுக்காரரிடம், "புள்ளய இவங்ககிட்ட தனியா விடாதீங்க. முத்திப்போனா பைத்திய ஆஸ்பத்திரியிலதான் சேக்கணும்" என்றார். வீட்டுக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, வீடு வந்ததும் நாத்தனாரிடம் அதை அப்படியே சொன்னார். அன்றிலிருந்து நாத்தனார் பிள்ளையோடு உள் காம்பராவில் தாழ்போட்டுக்கொண்டார். நானே விலகியிருந்தபோது கொஞ்சம் சந்தேகமாவது இருந்தது. அடுத்தவர்கள் விலக்கியதும், உண்மைதான் என்று முடிவே செய்துவிட்டேன். தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றை அடிக்கடி பார்க்கத் தொடங்கினேன்.

பிள்ளையை நிறுக்க வந்த மருத்துவிச்சிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்டியில ஒரு டாக்டர் இருக்காராம் டீச்சர். மனசு சரியில்லாதவங்கள உக்கார வச்சுப் பேசுவாராம்."

"ரெண்டு பேரப் பாத்தாச்சு. போதும்."

"செருப்புக்கூட மொதக் கடையில சரியா வராதுங்க. இன்னொரு தடவ போங்க."

எட்டு நாள் யோசித்தேன். ஒன்பதாம் நாள் வீட்டுக்காரரிடம் நானே கேட்டேன். தலவாக்கலையில் ரயிலேறினோம். வழியெல்லாம் இவரும் கதவைத் திறப்பார், இந்தத் தடவை என்னைப் பைத்திய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் வேலையாக வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். "முதலில இருந்து சொல்லுங்கோ. அவசரமில்லை."

மேசை முனையைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்து, அவர் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் எழவில்லை.

"பிள்ளைக்கு ஏதும் செய்யவேணும் எண்ட ஆசை எப்பவாவது வந்ததோ?"

"இல்லங்க. செத்துரலாம்போல பயந்தான் வருது."

"அந்தப் பயம்தான் உங்கட வருத்தம். எத்தினையோ தாய்மாருக்கு இப்பிடி வாறது, ஒருத்தரும் வெளியில சொல்லாயினம். பிள்ளைக்கு உங்களால ஆபத்தில்லை."

யாழ்ப்பாணத்தார் நோயை வருத்தம் என்பார்கள். நோய் என்று ஒருவர் சொன்னதே எனக்கு அன்று பெரிய ஆறுதல். அழுதேன். அழுது முடிந்ததும் அவர் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

"நான் கதைச்சு மட்டும் இது போகாது. ஒளிய ஒளியப் பெருகும். நீங்கள்தான் கிட்டப் போகவேணும்."

தினம் பத்து நிமிடம் பிள்ளையைத் தனியாக மடியில் வைத்திருக்க வேண்டும். பிறகு குளிப்பாட்ட வேண்டும். அதன்பின் பிள்ளை பக்கத்திலிருக்கக் காய் நறுக்க வேண்டும். நினைப்பு வந்தால் விரட்டக்கூடாது, ஓடவும் கூடாது.

வீட்டுக்காரரிடம் டாக்டர், பிள்ளையை என் கையில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நாத்தனார் மறுத்தார். "டாக்டர் சொன்னது. அவ கையில குடு" என்றார் வீட்டுக்காரர். முதல் நாள் இரண்டு நிமிடம்தான். பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு மழைக்குள் ஓடினேன். ஆறாம் நாள் பத்து நிமிடம் இருந்தேன். நினைப்பு வந்தது. ரவிக்கை வியர்வையில் நனைந்தது. பிள்ளை என் விரலைப் பிடித்தபடி தூங்கிப்போனது. வேறொன்றும் நடக்கவில்லை.

நாலைந்து மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கண்டிக்குப் போனேன். சில வாரம் ஒன்றும் செய்யாமலே செய்ததாகச் சொன்னேன். அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். "சரி, அடுத்த கிழமை பாப்பம்" என்பார், அவ்வளவுதான். மார்கழியில் ஒருநாள் பிள்ளை என் முதுகைப் பிடித்து எழும்பப் பார்க்க, நான் கேரட் நறுக்கி முடித்தேன். நினைப்பு அன்றும் வந்தது. வந்து போனது.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அந்த டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார். பிறந்த பன்னிரண்டாம் நாள் பயம் மறுபடி வந்தது. அன்று காலை வேலைக்குக் கிளம்பிய வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

அவர் தொட்டிலை எட்டிப் பார்த்தார். "அன்னிக்குக் கண்டியிலயும் இதத்தான் சொன்னியா?"

"ஆமாங்க."

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்துச்சு."

தொட்டிலிலிருந்த பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார். நேரமாகிவிட்டது என்று வேலைக்குப் போனார்.