காதில் குரும்பையோடு ஓய்வு பெற்றேன்

சீட்டாட்டத்தில் ஜெயிப்பது எங்கள் தொழிலில் பாதி வேலைதான். ஜெயித்ததை உருப்படியாக வீட்டில் கொண்டு சேர்ப்பது மீதிப் பாதி.

என்னைப் போலச் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார ஆசைப்பட்டு அல்லல்பட்ட அன்பர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலத்தில், இருபத்தைந்து வயதில், நான் முழுநேரச் சீட்டுக்காரன். ஆட்டம் இருபத்தெட்டு. நாலு பேர், இரண்டு கட்சி. எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் கூட்டாளி. கோட்டாற்றிலிருந்து முட்டம் வரை எனக்கு நல்ல பெயர், அதாவது கெட்ட பெயர். தாய்மாமன் மகள் பொன்னம்மையை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அவள்மேல் கொள்ளை ஆசை. ஆனால் மாமா ஒரு நிபந்தனை போட்டார்: "மருமவனே, வார தைக்குள்ள பத்து மரக்கால் விதைப்பாடு வயலு வாங்கணும். வாங்கின அண்ணைக்கே சீட்டைக் கீழ வைக்கணும். பெறவு ஒரு தடவை தொட்டாலும் பொன்னம்மையை வேற எடத்தில குடுத்திருவேன்."

பதினெட்டுக் குலை

காசு வைத்து ஆடினால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து எங்கள் பக்கத்தில் பொருளை வைத்து ஆடுவார்கள். கோட்டாற்றில் ஒரு வாழைக்குலை வியாபாரியிடம் பதினெட்டு மட்டிக்குலை ஜெயித்தேன். வண்டி பிடித்துக் கொண்டுவந்து அறையில் அடுக்கி வைத்தேன். ஒன்றிரண்டாக விற்று வயலுக்குச் சேர்ப்பது என் திட்டம். பதினெட்டும் ஒரே நாளில் பழுத்தன. அம்மா தெரு முழுக்கக் கொடுத்தாள். பிறகு அடுத்த தெருவுக்கும் கொடுத்தாள். மூன்றாம் நாள் எங்கள் பசுமாடே பழத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வயிற்றெரிச்சலோடு வியாபாரியிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் நிதானமாக ஒரு குலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பழுக்கப்பிடாதுண்ணா நீ முந்தின வாரமே ஜெயிச்சிருக்கணும் மக்கா."

நாளைய மீன்

முட்டத்தில் ஒரு வள்ளக்காரர் மறுநாள் கிடைக்கப்போகும் மீனைப் பந்தயம் வைத்துத் தோற்றார். காலையில் கடற்கரையில் போய் நின்றேன். வள்ளம் வந்தது, வலை வந்தது, மீன் வரவில்லை. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. தோளில் கைபோட்டு அலையைக் காட்டினார்: "மீனு அங்கதான் கெடக்கு, எல்லாம் உனக்குத்தான். நீயே எறங்கி எடுத்துக்க."

மாதேவன் அண்ணாச்சியின் காது

அதற்குப் பிறகு அழுகாத பொருளுக்கு மட்டுமே ஆடினேன். தேங்காயும் கருப்பட்டியுமாகச் சேர்த்து விற்று, மார்கழிக்குள் வயலுக்குத் தேறிவிட்டது. இரணியலில் மாதேவன் அண்ணாச்சி வயலை விற்கச் சம்மதித்தார். விலை பேசி முடித்த சந்தோஷத்தில், "ஒரு கை போடுவோமா மக்கா?" என்றார். நானும் புத்தி கெட்டு உட்கார்ந்தேன். ஜெயித்தும் தொலைத்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் காதில் குணுக்குப் போட வேண்டும். தென்னையிலிருந்து உதிர்ந்த குரும்பையை வாழைநாரில் கட்டிக் காதில் தொங்கவிடுவதுதான் குணுக்கு. போட்டவனையே திரும்ப ஒரு ஆட்டம் ஜெயித்தால்தான் காதில் கிடப்பதெல்லாம் இறங்கும். இடையில் கழற்றியவனை அப்புறம் யாரும் ஆட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. மறுநாள் பத்திரம் எழுத அண்ணாச்சியைக் கூப்பிடப் போனேன். கதவை ஒரு விரற்கடை திறந்து சொன்னார்: "காதில குரும்பையோட நான் பதிவு ஆபீசுக்கு வரமாட்டேன். ஒனக்கு வயலு வேணும்னா வந்து தோத்துட்டுப் போ."

தோற்கத் தெரியாத வாத்தியார்

தோற்பதற்கு என்ன பிரமாத வித்தை வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு, இத்தனை புள்ளி எடுக்கிறேன் என்று பெரிதாக ஏலம் கேட்டேன். அண்ணாச்சி கையில் இரண்டு ஜாக்கி இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஆட்டத்தில் ஜாக்கியை மிஞ்சிய சீட்டு கிடையாது. அவரோ அதைக் கடைசியில் இறக்கலாம் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டே இருந்தார். இறக்கும்போது ஆட்டமே முடிந்திருந்தது. அவருடைய மறு காதிலும் ஒரு குரும்பை ஏறியது. நாலு நாளில் இரண்டு காதிலுமாக ஐந்து ஆயிற்று. அவருக்குக் கூட்டாளியாக உட்கார்ந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே ஐந்து. தை பிறக்க ஒரு வாரம்தான் பாக்கி. பொன்னம்மையைப் பார்க்க யாரோ குமாஸ்தா வீட்டார் வரப்போவதாகவும் கேள்விப்பட்டேன்.

என் கூட்டாளி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவரைத் தனியாக அழைத்துப் போய், எப்படியாவது தோற்றுக்கொடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சீட்டாடுதது ஒரு பாவம். அதில கள்ளத்தனம் பண்ணுதது ரெண்டாவது பாவம். எனக்கு ஒண்ணு போதும்."

லெச்சுமியம்மை உட்கார்ந்தாள்

கடைசியில் பொறுமை இழந்தது அண்ணாச்சியின் மனைவி லெச்சுமியம்மை. புருஷன் சந்தைக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. வந்த சம்பந்தியையே கதவிடுக்கு வழியாகப் பேசி அனுப்பியிருக்கிறார். அவள் வாத்தியாரை இடத்தைவிட்டு எழுப்பிவிட்டு எனக்குக் கூட்டாளியாக உட்கார்ந்தாள். சீட்டைத் தலைகீழாகப் பிடித்தாள். "எது நல்ல சீட்டு?" என்று புருஷனிடமே கேட்டு, அதையெல்லாம் அவரிடமே இறக்கிக் கொடுத்தாள். அப்படியும் அண்ணாச்சி ஒரே ஒரு புள்ளியில்தான் ஜெயித்துத் தப்பினார்.

அவருடைய ஐந்து குரும்பையும் பக்கத்து வீட்டுக்காரருடைய ஐந்தும் இறங்கின. என் காதில் ஒன்று ஏறியது. தோற்ற கட்சி என்பதால் லெச்சுமியம்மைக்கும் ஒன்று உண்டு. தயங்கினோம். அவள் காதை நீட்டினாள்: "பாம்படம் கெடக்க காதுதானே, கூட ஒண்ணு கெடந்தா என்ன, கட்டுங்க."

ஓய்வு

என் குணுக்கை இறக்க இன்னொரு கை போடுவோம் என்றேன். அண்ணாச்சி சீட்டுக்கட்டை எடுத்துக் கிணற்றில் எறிந்தார். "ஆயுசில ஒருக்கா ஜெயிச்சாச்சு. இனியும் ஆடி அதைக் கெடுக்கவா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பதிவு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். பத்திரம் பதிவானது. எனக்கு வயல் வந்தது, ஓய்வும் வந்தது. காதில் குரும்பை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவிழ்த்து எறியவும் மனம் வரவில்லை. இத்தனை வருஷம் பிழைத்த தொழிலின் சட்டம் அது. அந்தக் கோலத்தில் மாமா முன்னால் போய் நின்றபோது, பொன்னம்மை கைநழுவிப் போனாள் என்றே நினைத்தேன்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். குரும்பையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "இதை எறக்காமச் சும்மா இருக்க ஒரு சீட்டுக்காரனாலயும் முடியாது. அப்பம் நீ நெசமாவே விட்டுட்ட," என்று சொல்லி, வந்திருந்த குமாஸ்தா வீட்டாருக்குக் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினார். தை மாதம் கல்யாணம். தலைப்பாகையை எவ்வளவு இழுத்துக் கட்டியும் குரும்பை மறையவில்லை. தாலி கட்டக் குனிந்தபோது பொன்னம்மை தலை நிமிராமலே கிசுகிசுத்தாள்: "அத்தான், அந்தக் காதை இங்க திருப்பாதீங்க, எனக்குச் சிரிப்பாணி வருது."

சீட்டாடிச் சம்பாதித்து முப்பது வயதுக்குள் ஓய்வு பெறலாமா என்று கேட்டால், தாராளமாகப் பெறலாம், அதற்கு ஆயிரம் ஆட்டம் ஜெயித்தும் பிரயோசனமில்லை, சரியான ஆளிடம் ஒரே ஒரு ஆட்டம் தோற்றால் போதும் என்பதுதான் என் அனுபவம்.