கோரிமேட்டு ஏத்தத்தில் இரண்டாம் கியர்

முதல் அடி என் காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. அடுத்தது என் தங்கச்சி புருஷன் கையில். ஓட்டுச்சாவடியிலிருந்து ஓடிவந்து அவன் வண்டிக் கதவைப் பிடித்தான், பின்னாலேயே வந்தவன் கொடுவாளை இறக்கினான். இரண்டு விரல் கால்படியிலேயே விழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் தலைமயிரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் எங்கள் புதுச்சேரியில் எலெக்சியோன், அதான் தேர்தல், என்றால் இப்படித்தான். மேரியில், அதாவது நகரசபையில், எந்தக் கட்சி உட்காருவது என்பதை ஓட்டு முடிவு பண்ணாது, கம்புதான் முடிவு பண்ணும். மாப்பிள்ளை ஓட்டுப்பெட்டிக்குக் காவல் நின்றவன். எதிர்க்கட்சி முதலாளியின் ஆட்கள் பெட்டியைத் தூக்க வந்தபோது சிலம்பத்தால் ஒருத்தன் தாடையைப் பெயர்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பெட்டி வேண்டாம், இவன் உயிர்தான் வேண்டும். தப்ப ஒரே வழி, கோரிமேட்டைத் தாண்டுவது. அதற்கு அப்பால் இங்கிலீஷ் எல்லை. எல்லைச் சாவடியில் துப்பாக்கியோடு போலீஸ் நிற்கும். நம்ம ஊர் அடியாள் அங்கே கத்தியைத் தூக்கமாட்டான்.

நான் இன்ஜினை நிறுத்தியிருக்கவில்லை. கலவர நாளில் இன்ஜினை நிறுத்துகிறவனை நான் டிரைவர் என்றே சொல்லமாட்டேன்.

என் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மூன்று பேர் ஓட்டித் தேய்த்த காரை வாங்கி, பின் அச்சில் ஒரு லாரியின் பல்சக்கரத்தைச் சேர்த்து மாட்டியிருந்தேன். சேராது என்றார்கள். சேர்த்தேன். அந்தப் பல் கணக்குக்கு இன்ஜின் பல சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். ஓட்டம் குறைச்சல்தான். ஆனால் இன்ஜினில் இருக்கிற சின்ன முறுக்கு அத்தனை மடங்காகிச் சக்கரத்துக்குப் போகும். கார் ஸ்டாண்டில் அதைச் செக்கு என்று கேலி பண்ணுவார்கள், பண்ணட்டும். ஆட்களோடு ஓட்டுச்சாவடி வாசலில் நின்ற முதலாளி வண்டி கப்பல் மாதிரி, என்னுடையதைப் போல மூன்று மடங்கு குதிரைச்சக்தி. ஆனால் குதிரைச்சக்தி முழுசாக வெளியே வர இன்ஜின் வேகம் பிடித்துச் சுற்றணும். நின்ற இடத்திலிருந்து எகிற, அந்த நொடியில் சக்கரத்தில் என்ன முறுக்கு இருக்கிறதோ அதுதான் பேசும்.

கிளட்சை விட்டேன். செக்கு எகிறியது. குறுக்கே கம்போடு நின்றவனை மட்கார்டு தூக்கிச் சாக்கடையில் போட்டது. முதலாளி வண்டி உறுமிக் கிளம்புவதற்குள் நான் தெருமுனை திரும்பிவிட்டேன்.

சாலை நீண்டு சமமானதும் நிலைமை மாறியது. மேல் கியரில் என் இன்ஜின் அலறுகிறது, அதற்கு மேல் வேகம் கிடையாது. அவர்கள் வண்டிக்கு அங்கேதான் உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் வந்துவிட்டார்கள். கால்படியில் தொங்கிக்கொண்டிருந்த தடியன் ஒருவன் கத்தினான்.

"டேய் செக்கு, அவனக் கீழ தள்ளிட்டு நீ பொழச்சிப் போடா."

"ஒங்க மொதலாளிய வந்து எடுத்துக்கச் சொல்லு. மொதல்ல அந்தத் தொப்பைய வெளிய எடுக்கட்டும்."

தாவிவிட்டான். என் படியில் நின்று ஒரு கையால் என் குரல்வளையைப் பிடித்தான். கண்ணில் பூச்சி பறந்தது. மாப்பிள்ளை நல்ல கையால் காலடியில் கிடந்த இரும்பு ஸ்டார்டிங் ஹேண்டிலை எடுத்து அவன் முழங்கையில் போட்டான். எலும்பு முறிந்தது இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அப்படியும் மற்ற கையால் கதவைப் பிடித்துத் தொங்கினான். வண்டியைப் புளியமரத்தை ஒட்டி விட்டேன். மரம் அவனை வழித்து எடுத்துக்கொண்டது.

"மச்சான், கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"வரட்டும். கைய மேல தூக்கியே புடி மாப்ள. தூங்கிட்டியோ, நானே ஒன்னக் கொன்னுடுவேன்."

கோரிமேட்டு ஏத்தத்தின் அடியில் மல்லாட்டைக்கடலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் சாலையை அடைத்திருந்தன. இரண்டு காருமே நடை வேகத்துக்கு இறங்கியது. அவர்கள் பின்னாலிருந்து இடித்தார்கள். கல் ஒன்று என் காதைக் கிழித்துக்கொண்டு போனது. வண்டிகள் ஒதுங்கி வழி விட்டன.

அப்போதைய காரில் கீழ் கியருக்கு வருவது லேசில்லை. கிளட்சை மிதித்து, கியரை நடுவில் நிறுத்தி, கிளட்சை விட்டு, இன்ஜினை உறும வைத்து, திரும்ப மிதித்துத் தள்ளணும். தப்பினால் பல்லும் பல்லும் கறகறவென்று அரைக்கும். ஊர்ப் பெரிய மனுஷர்களுக்கு அந்தச் சத்தம் அவமானம். மேல் கியரிலேயே மேடு ஏறினால்தான் வண்டி உசத்தி. அந்த முதலாளி வெள்ளிப்பூண் பிரம்போடுதான் பின்சீட்டில் உட்காருவார். கியர் கறகறத்தால் டிரைவர் பிடரியில் ஒன்று விழும். அவன் பிடரித் தழும்பை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நான் இரண்டாவதைப் போட்டேன். ஒரு முனகல்கூட இல்லை. என்னை மாதிரி மாற்ற அன்றைக்கு ஊரில் ஆள் கிடையாது. செக்கு மேட்டைக் கவ்வி ஏறியது.

பின்னால் அந்தக் கப்பல் மேல் கியரிலேயே ஏறப் பார்த்தது. மெதுவாகச் சுற்றுகிற இன்ஜினுக்கு அத்தனை குதிரையும் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த உயர்ந்த கியரில் மேட்டை இழுக்கிற முறுக்கு சக்கரத்துக்கு வரவில்லை. வண்டி உடம்பெல்லாம் நடுங்கியது.

"மாத்தாதடா நாயே, தானா ஏறும்" என்று முதலாளி கத்தியது எனக்கே கேட்டது.

இன்ஜின் செத்தது. பிரேக் தாங்கவில்லை. வண்டி பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் சாய்ந்தது. படியில் நின்றவர்களில் ஒருத்தன் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது, அவன் போட்ட சத்தம் நாங்கள் போய் நின்ற எல்லைச் சாவடி வரை வந்தது. முதலாளி வெளியே ஊர்ந்து வந்து முதல் வேலையாக டிரைவரைப் பிரம்பால் விளாசினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினான்.

ரொம்ப நாள் கழித்து அவனே ஸ்டாண்டில் என்னிடம் சொன்னான். "ரெண்டாவதுக்குக் கை போச்சிண்ணே. பிரம்பு ஞாபகம் வந்துச்சி, கை அப்படியே நின்னுடுச்சி."

எல்லை தாண்டித் திண்டிவனத்தில் மாப்பிள்ளையை ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்ப் போட்டேன். மயக்க மருந்து இல்லை. மாப்பிள்ளை நெஞ்சின் மேல் நான் உட்கார்ந்துகொள்ள, அவர் தைத்தார். திமிறி என் தோளைக் கடித்துவிட்டான், பல் தடம் இன்னும் இருக்கிறது. விடியும்போது அவனுக்குக் காய்ச்சல் இறங்கியது. பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொன்னார்.

மத்தியானம் தங்கச்சி வந்தாள். கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கையைப் பார்த்தாள். அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் தூக்குச் சட்டியைத் திறந்து, கஞ்சியைக் கலக்கி, அவனுக்கு ஊட்ட உட்கார்ந்தாள்.