இரண்டு பேர் அரிசி

ஆடிப்பெருக்குக்குக் கொல்லிமலைக் கோயிலுக்கு அரிசி சுமந்து, வெறுங்காலில் நடந்தே ஏறுவதாக என் கணவரின் அக்காவும் நானும் வேண்டிக்கொண்டோம். ஆனி மாதம் முழுக்க, மணல் நிரப்பிய குடத்தோடு சரளைமேட்டில் ஏறி இறங்கிப் பழகினோம். நான் உட்கார்ந்தால் அவள்தான் விரட்டுவாள்.

புறப்படும் அன்று காலையில் போர்த்திப் படுத்துக்கொண்டாள்.

“காய்ச்சல் கண்ணு. என்ற மூட்டையையும் நீயே கொண்டு போயிரு.”

இரண்டு மூட்டையோடு, பாதம் வெடித்து, மேலே போய்ச் சேர்ந்தேன். கோயில் வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மலையின் மறுபக்கம் போட்ட புது ரோட்டில் லாரி ஏறி வந்திருக்கிறாள்.

“ஏங்கண்ணு, இத்தனை நேரமா?” என்றபடி தன் மூட்டையை என் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“நடந்தேவா சுமந்துட்டு வந்தீங்க?” என்று பூசாரி கேட்டார்.

“ஆமாங்க” என்றாள். மூச்சு வேறு வாங்கிக் காட்டினாள், பாவி.