வெளுக்காத பச்சை

இன்று பீரோவைத் துடைக்கும்போது பழைய போட்டோக்கள் கிடைத்தன. மகள் சிறுமியாக இருந்தபோது, பெருநாளுக்குப் பெருநாள் திருவாரூர் ஸ்டுடியோவில் எடுத்து, சவுதியில் இருந்த என் வீட்டுக்காரருக்கு, அதாவது அவள் அத்தாவுக்கு, நான் அனுப்பியவை. ஊர் திரும்பும்போது பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

துபாயில் இருக்கும் அவளுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"என்னம்மா, எல்லாப் பெருநாளுக்கும் அதே பச்சைப் பாவாடையா? எனக்குப் புதுசே எடுக்கலையா நீ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"வளர்ற புள்ளைன்னு அடியில டக் வச்சுத் தைச்சேன்டி. வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரிச்சுவிட்டேன்."

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் போட்டோவை வாங்கினார். பிரித்த மடிப்பு மட்டும் வெளுக்காமல், கரும்பச்சைப் பட்டையாகத் தெரிந்தது. அதை விரலால் தடவினார்.

"அங்க இருக்கும்போது இதைத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன். போன பெருநாளைக்கு இப்ப இவ்வளவு வளந்துட்டா புள்ளன்னு."

எனக்கே இது இன்றைக்குத்தான் தெரியும்.

படத்துக்குள் அந்தப் பாவாடை மெல்ல ஆடுவது போலவே இருந்தது எனக்கு.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனிலேயே அத்தாவுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

தைத்தது நான். அஞ்சாவது படித்த கை, ஒரு தையல் கோணவில்லை. முத்தம் மட்டும் அவருக்கு!

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?