பிரபு மகனின் வயதுக்குச் சாட்சி

கிளென்ஃபார்கர் பிரபு டூகல்டுக்கு மூன்று மனைவிகள், பதினோரு பெண்கள், ஒரே மகன். மகனுக்கு ஆறு வயதானபோது பிரபு வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து செத்தார். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்து வந்து லாயத்தில் கட்டியவன் குதிரைக்காரன் ஃபெர்கர். மறுவருடம் சிறுவன் யூவனை அதே குதிரைமேல் ஏற்றிப் பழக்கியவனும் அவன்தான்.

கோட்டையும் நிலமும் சித்தப்பா லாக்லனின் காவலுக்குப் போயின. யூவனுக்கு இருபத்தொன்று நிறைந்தால் எல்லாம் அவன் கைக்கு வரும். நிறையாவிட்டால் அவனுக்குப் பெண் பார்க்கும் உரிமை சித்தப்பாவுக்கு. பார்த்தும் வைத்திருந்தார். தன் மனைவியின் அக்கா. இரண்டு புருஷன்களைப் புதைத்தவள்.

பையன் பிறந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் வழக்கப்படி ஊர்க்காரர்கள் தேவாலயத்தில் கூடிச் சாட்சி சொன்னார்கள். எந்த நாள், எந்த வருடம், அது எப்படி நினைவிருக்கிறது என்று சொல்ல வேண்டும். இருபத்தொன்றுக்கு இன்னும் ஒரு வருடம் குறைவு என்றார் லாக்லன்.

"அன்னிக்குத்தான் எங்க பசு சேத்துல மூழ்குச்சு," என்றான் மாவு ஆலைக்காரன்.

"உங்க மாடு எந்த வருஷம்யா மூழ்கல?" என்றார் லாக்லன்.

இன்னொருவனுக்கு அன்று ஓட்ஸ் ரொட்டியைக் கடித்துப் பல் உடைந்ததாம். வாயைத் திறக்கச் சொன்னார்கள். உடைந்த பற்கள் ஏழு. எது அந்தப் பல் என்று அவனுக்கே தெரியவில்லை.

கடைசியில் ஃபெர்கர். புனிதரின் எலும்புப் பேழைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். பின்வரிசையில் அவன் மனைவி முரியல் நின்றிருந்தாள். லாடம் கழன்ற நாள் என்று எதையாவது உளறிவிட்டு இறங்கியிருக்கலாம். லாக்லன் அதையும் ஊதித் தள்ளியிருப்பார்.

"புனித பிரைட் திருநாளுங்க. பிரபுவுக்குப் புள்ள பொறந்திருக்கு, ஞானஸ்நானம் குடுக்கணும், சாமியாரைக் கூட்டியான்னு அனுப்புனாங்க. அன்னிக்குக் காலையில எனக்கும் ஒரு பொண்ணு பொறந்திருந்துச்சு. மூச்சு சரியில்ல. சாமியாரை என் வாசல் வழியாத்தான் கொண்டுபோனேன். பிரபு கோவிப்பாருன்னு நிக்கல. திரும்புறதுக்குள்ள செத்துப்போச்சு. ஞானஸ்நானம் இல்லாத புள்ளன்னு கல்லறைச் சுவருக்கு வெளிய புதைச்சோம். ஆத்துல வெள்ளம், சாமியாரால வர முடியலன்னு பொண்டாட்டிகிட்ட பொய் சொன்னேன். அது இருந்திருந்தா இப்ப இருபத்தொன்னு. வருஷா வருஷம் எண்ணிட்டு வர்றேன், தப்பாது."

லாக்லன் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்தார். எழுத்தர், 'இறந்த குழந்தை, ஒன்று' என்று எழுதிக்கொண்டார். கோட்டைச் சாவி யூவன் கைக்கு வந்தது. சித்தியின் அக்கா ஊருக்குத் திரும்பினாள்.

வெளியே வந்த ஃபெர்கருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. முரியல் சுவரோரம் அந்தச் சின்ன மேட்டருகே நின்றாள்.

"வெள்ளம் இல்லேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள். "நீ வந்து நின்னப்ப குதிரைக்கு முட்டிக்கு மேல ஈரமே இல்ல."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நெசத்தைச் சொல்லியிருப்ப. அப்புறம் உன்கூட எப்படிய்யா குடித்தனம் பண்றது?"

"இப்ப?"

"இப்ப எங்க போறது? நட."