லாரன்ஸ் சேட்டன் முழுசாகக் கேட்காத பாட்டு

லாரன்ஸ் சேட்டன் போய்விட்டார். காலையில் அவர் மனைவி மேரி சேச்சி போன் செய்தார். ஆஸ்பத்திரியிலேயே... தூக்கத்தில்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் முதன்முதலில் வேலை பார்த்த கஃபேயில் சேட்டன்தான் குக். நான் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள்.

அங்கே ஒரு ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய அமெரிக்க சோல் இசை ஆல்பம் ஒன்றில் சேட்டனுக்கு உயிர். பாடகி பேர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் வெறும் 'மேடம்'.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் மேடம் பாட ஆரம்பிப்பார். இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல். குரலை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகிற இடத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப...

பக்கத்தில் இருப்பவர் மேசையை ஒரு தட்டு தட்ட வேண்டும். கையில் பிளேட் இருந்தால் இடுப்பால் ஒரு இடி. ஊசி தாவி அடுத்த வரிக்குப் போய்விடும்.

மேடம் அங்கே எவ்வளவு உயரம் போகிறார் என்று ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். சேட்டன் ஆசை அவ்வளவுதான். மொபைலில் போட்டுக் காட்டுகிறேன் என்றால் கோபம் வரும். கேட்டால் இசைத்தட்டில்தான் கேட்பாராம்.

நான் காக்கநாட்டுக்கு வேலை மாறிய பிறகு அந்த ஆல்பம் மறுபடி வினைல் இசைத்தட்டாக வந்தது. உடனே ஆர்டர் போட்டேன். வந்த அன்று பழைய ஸ்டாஃப் எல்லாரும் கஃபேயில் கூடிவிட்டோம்.

சேட்டனுக்கு எங்கள்மேல் துளியும் நம்பிக்கை இல்லை.

"எல்லாரும் கையப் பின்னால கெட்டிக்கோ. ஒருத்தரும் மேசை கிட்ட வரண்டா."

ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி நின்றோம். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது...

சேட்டனே தட்டினார். பழக்கதோஷம். கையில் கரண்டி வேறு.

ஊசி துள்ளியது. புதுத் தட்டில், அதே இடத்தில் கீறல்.

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அவரும் சிரித்தார். அப்புறம் கிச்சனுக்குள் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வெங்காயம் உரிக்க வேண்டும் என்றார்.

இன்னொரு காப்பி தேடினேன். எங்கேயும் ஸ்டாக் இல்லை. மாதக்கணக்கில் தேடி, போன வாரம்தான் ஒன்று கண்ணில் பட்டு ஆர்டர் போட்டேன். சேச்சி மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் சேட்டனிடம் சொன்னேன். சேச்சிக்குத் தெரிய வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் போட்டுக் காட்டலாம் என்றார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு முகம்.

"இந்தத் தடவ என் கையத்தான் கெட்டணும் மோளே. நீ பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கலாம் சேட்டா... ஒரே ஒரு பாட்டு.

நாளை மதியம் அடக்கம். பார்சலும் நாளைதான் வருகிறதாம், இப்போதுதான் மெசேஜ் வந்தது. அட்ரஸ் சேட்டன் வீடு. பேரும் அவர் பேர்தான் போட்டிருக்கிறேன்.

டெலிவரிக்காரர் வாசலில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். சேச்சி காதில் அது விழக்கூடாது. நான் காலையிலேயே போய் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

நீங்க போங்க சேட்டா. நான் வாங்கி வச்சுக்கறேன்.