பின்னுக்குப் போகக்கூடாத மாப்பிள்ளைக் கார்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பன்னிரண்டு போர் வண்டிகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஓடியவற்றின் சிறிய பிளாஸ்டிக் உருவங்கள். கனடாவில் இருக்கும் தம்பி பெட்டி பெட்டியாக அனுப்ப, நான் துண்டு துண்டாக ஒட்டிச் சாயம் பூசியவை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் டாங்கி என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சுழலும் தலையோடு முன்னால் நின்று சண்டை பிடிப்பதுதான் டாங்கி. தானே ஓடும் பீரங்கி பின்னால் நின்று தூரத்துக்குச் சுடும். அதற்குப் பெரும்பாலும் சுழலும் தலை கிடையாது, குறி மாறினால் உடம்பையே திருப்ப வேண்டும். மீட்பு வண்டி வேறு வகை. டாங்கியின் அதே உடம்புதான். ஆனால் பீரங்கியைக் கழற்றிவிட்டு இழுவைக் கயிறும் கப்பியும் வைத்திருப்பார்கள். சேற்றில் புதைந்ததையும் அடிபட்டதையும் போய் இழுத்து வருவதுதான் அதன் வேலை.

மகளின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை முன்னால், மனைவி அலுமாரியைத் துணியால் மூடினாள்.

"உதுகளைக் கண்டு ஓடினது எங்களுக்குப் போதாதே? கல்யாணம் முடிஞ்சு நாலாம் சடங்குக்குச் சம்பந்தி பகுதி வரேக்கை ஒண்டும் வெளியிலை தெரியக்கூடாது" என்றாள்.

எங்கள் ஊர்ப் போரில் இடம்பெயர்ந்து மூன்று வீடு மாறியவள். துணியின் மறுமுனையை நான் பிடித்துக் கொடுத்தேன்.

கல்யாணம் தெல்லிப்பழையில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மாப்பிள்ளைத் தோழன் எனக்குப் போன் எடுத்துச் சொன்னான். சுன்னாகம் தாண்டிப் பெருந்தெருவில் எதிரே பிரேத ஊர்வலம் வந்ததாம். மாப்பிள்ளையின் மாமி, அதாவது தகப்பனின் அக்கா, சகுனம் பிழை என்று காரை வெங்காயத் தோட்டத்து ஒடுங்கிய மண் ஒழுங்கைக்குள் திருப்பச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் மழையில் செம்பாட்டு மண் களியாகக் கிடந்திருக்கிறது. இந்த முகூர்த்தம் தப்பினால் அன்றைக்கு வேறு நல்ல நேரம் இல்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தேன்.

கார் அச்சு வரை புதைந்திருந்தது. பின்னால், கெட்டித் தரையில், ஒரு தோட்டக்காரர் உழவு மெஷினோடு நின்றார். அது காரைக் கடந்து முன்னால் போக ஒழுங்கையில் இடமில்லை. பின்னுக்கு இழுத்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் மாமி கையில் மங்கலத் தட்டத்தோடு வழிமறித்து நின்றார்.

"நல்ல நேரத்திலை வெளிக்கிட்ட பிள்ளை. பின்னுக்கும் போகக்கூடாது, சேத்திலை காலும் வைக்கக்கூடாது, அண்ணை."

மாப்பிள்ளை தலைப்பாகையோடு உள்ளே இருந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு! இவ்வளவு காலம் ஒட்டி ஒட்டிப் பார்த்தது கண்முன்னே நடக்கிறது. மீட்பு வண்டி, புதைந்ததற்குப் பக்கத்தில் போய்த் தானும் புதையாது. கெட்டித் தரையில் நின்றுகொண்டு, கப்பியில் கயிற்றைச் சுற்றி எடுக்கும். தோட்டக்காரர் வீட்டில் கிணறு வெட்டும்போது கல் தூக்குகிற இரும்புக் கப்பி இருந்தது. காருக்கு முன்னால் மேட்டில் நின்ற பனையில் சாக்கைச் சுற்றி அதைக் கட்டினோம். காரின் முன்பக்கத்தில் பூட்டிய கயிறு, கப்பியைச் சுற்றித் திரும்பி, காரின் பக்கத்தால் உழவு மெஷினுக்கு வந்தது.

"நீங்கள் பின்னுக்குப் போங்கோ, கார் முன்னுக்கு வரும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். உழவு மெஷின் பின்வாங்கியது. கயிறு முறுகியது. கார் ஒரு குலுக்கலோடு எழும்பி, பனையடி மேட்டை நோக்கி மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு முன்னுக்குப் போனது. மாமி தட்டத்தை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கை தட்டினார்.

செம்மண் அப்பிய வேட்டியோடுதான் மகளைக் கன்னிகாதானம் செய்துகொடுத்தேன். தாலி ஏறிய கையோடு அவள் என் வேட்டியைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குப் போல நான் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை.

நாலாம் சடங்குக்குச் சம்பந்தி பகுதி வந்தபோது அலுமாரித் துணியைக் காணவில்லை. நடுத்தட்டில் மீட்பு வண்டி மட்டும் தனியாக நின்றது. மற்றப் பதினொன்றையும் மனைவி எங்கேயோ ஒளித்துவிட்டிருந்தாள். மாமி குனிந்து பார்த்து, இது டாங்கியோ என்று கேட்டார்.

மனைவி பலகாரத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இல்லை மச்சாள், உது சுடாது. புதைஞ்சு கிடக்கிறதைப் போய் எடுத்துக்கொண்டு வாறது."

சிலவற்றில் ஒரு இயந்திரத் துப்பாக்கி பூட்டியிருக்கும் என்று திருத்த வாயெடுத்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஓம் என்று தலையாட்டிவிட்டு ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.